கடைக் காப்பின்னு சொல்லிப்போட்டாரு

அது என்னுங்க கண்ணு கையில, ஐஸ் காப்பியா? குடிங்க, குடிங்க. நான் கேட்டதுக்காக மூடி வெச்சுராதீங்க. கலரைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கல. அது சூடா எறக்கின டிகாஷன்தானுங்க, மேல ஐஸைப் போட்டுக் குடுத்திருக்கறாங்க. எப்படித் தெரியும்னா, ஓரத்துல பாருங்க, மங்கிப் போயிருக்குது. பச்சைத் தண்ணில ராவெல்லாம் ஊறி எறங்கற காப்பி இப்படி மங்காது. அரக்குக் கலர்ல கம்முனு நிக்கும். நான் ஊட்டுலயே பண்றேனுங்க. அட, விக்கறதுக்கெல்லாம் இல்லை. அதொரு பெரிய நாயம். நீங்க எங்க எறங்கறீங்க, சரவணம்பட்டியா? நான் அதுக்கு முன்னாலயே, கணபதில. இந்த டிராபிக்குல இன்னும் எவ்வளவு நேரம் ஆகுமோ. சொல்றேன், கேளுங்க.

என்னைய ஏமாத்திப்போட்டாங்க கண்ணு. வெளி ஆளுக இல்லீங்க. எங்கூட்டுக்காரரும் நான் பெத்த புள்ளையும் சேர்ந்து. வேற எதுல ஏமாத்தியிருந்தாலும் தாங்கிக்குவேன். காப்பில ஏமாத்தினாங்க.

எங்களுக்கு வடவள்ளிங்க. அவரு மில்லுல மெக்கானிக்கா இருந்து ரிட்டையர் ஆனவரு. பேச்சு கம்மி. மெஷினுகூடவே இருந்து இருந்து அப்படி ஆயிருச்சு. ஒரே பொண்ணு, சிந்துஜா, பெங்களூர்ல வேலை. கல்யாணம் பண்ணி அங்கயேதான் இருக்கறா. போன பொங்கலுக்கு வந்திருந்தா. வந்தவ சும்மா இருக்காம, "அம்மா, அப்பாவுக்கு நெஞ்செரிச்சலாமே, இத்தனை சூடாக் காப்பி குடிச்சா எரியாம என்ன பண்ணும்"னு ஆரம்பிச்சா. அவரு பக்கத்துல உக்காந்துட்டு நெஞ்சைத் தேச்சாரு. இப்படி, உள்ளங்கையை வெச்சு. அதுக்கு முன்னால அவரு நெஞ்சைத் தேச்சு நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பதறிப்போச்சுங்க.

அப்பத்தான் அவ இந்தப் பச்சைத் தண்ணிக் காப்பியைச் சொல்லிக்குடுத்தா. அதுல புளிப்பு கம்மியாம், எரிக்காதாம். காப்பிக்கொட்டையை மாவு மாதிரி அரைக்கக்கூடாது, கல்லுப்பு கணக்கா ஒடைக்கோணும். சிக்கரி ஆகவே ஆகாது. ஒரு டம்ளர் பொடிக்கு நாலு டம்ளர் பச்சைத் தண்ணி ஊத்தி, ஜாடில மூடி வெச்சுரோணும். ராத்திரி போட்டா விடிஞ்சு வடிக்கலாம். வேட்டித் துணில வடிக்கறப்பப் பிழியக்கூடாது. அவசரப்பட்டுப் பிழிஞ்சீங்கன்னா கசப்பு பூராவும் எறங்கிரும். தானா சொட்டட்டும்னு உட்டுரோணும். அப்பறம் பாட்டில்ல ஊத்திப் பிரிஜ்ஜுல வெச்சா, வேணுங்கறப்பக் கொஞ்சம் ஊத்திப் பால் கலந்துக்கலாம். அவ்வளவுதான்.

அவ்வளவுதானான்னு கேட்டீங்கன்னா, இல்லீங்க. பொடி அரைக்கற கடைக்காரரு, "கல்லுப்பாட்டவா? மாட்டுக்குக் கலக்கவாங்கம்மா?"ன்னாரு. நின்னு அரைச்சு வாங்கினேன். மொத தடவை போட்டது சேத்துத் தண்ணி மாதிரி வந்துச்சு. அடுத்தது கசந்துச்சு, நான்தான் பிழிஞ்சுபோட்டேன். அப்பறம் புடிபட்டுச்சுங்க. புடிபட்டதுக்கப்பறம் நான் உடல. ஊட்டுல இருந்த பித்தளை பில்டரை ஈயம் பூசறவன்கிட்டத் தூக்கிக் குடுத்துட்டேன். இருந்தாத்தானே அவருக்கு ஆசை வரும்? அவங்கம்மா வெச்சிருந்ததுதான். அவரு ஒண்ணும் சொல்லல. சொல்றதா இருந்தா சொல்லியிருப்பாரல்ல?

அந்தக் கோடை பூராவும் எங்கூட்டுல சூடாக் காப்பியே கெடையாதுங்க. எங்க தெருவுல எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தேன். கூப்பிடாதவங்க ஊட்டுக்கும் போய்ச் சொல்லிக்குடுத்தேன். அவருக்குக் காத்தால ஒண்ணு, பொழுதோட ஒண்ணு. அந்த மனுசன் பிரிஜ்ஜுத் தண்ணியே தொடாத ஆளு, பல்லு கூசும்பாரு. ஆனா என்ற காப்பின்னா டம்ளரை எடுத்துட்டு வாசல்ல வெயில்ல போய் நின்னு, கண்ணை இறுக்கி மூடிட்டுக் குடிப்பாரு. அவ்வளவு ருசிச்சுக் குடிப்பாருங்க. நான் ஜன்னல்ல நின்னு பார்ப்பேன். கல்யாணம் ஆகி இத்தனை வருசத்துல நான் பண்ணின ஒண்ணை அந்த மனுசன் கண்ணை மூடிட்டுக் குடிச்சது அதுதான்.

அதுலயும் ஒரு நாள் கேட்டாரு பாருங்க. "ஒரு பாட்டில் தனியா ஊத்திக் குடு. வாக்கிங் வர்றவங்க கேக்கறாங்க." எனக்குத் தலைகால் புரியல. காலி தேன் பாட்டிலைக் கழுவிக் காயவெச்சு ஊத்திக் குடுத்தேன். "எப்படி இருக்குதாம்?"னு கேட்டா, "நல்லா இருக்குதாம்"பாரு. "யாரு சொன்னாங்க?" "எல்லாரும்தான்." வாரத்துக்கு ஒரு பாட்டில் கேட்டவரு, அப்பறம் ரெண்டு கேட்டாரு. நான் எனக்குன்னு வெச்சிருந்ததைக்கூடக் குடுத்து உட்டேன். சர்க்கரை கரையாதேன்னு பாகு காச்சி வேற குடுத்து உட்டேனுங்க. பைத்தியக்காரி.

சித்திரை கடைசில ஒரு கல்யாணம். பந்தில எங்கூட்டுக்காரரோட வாக்கிங் போற சின்னராசு வாத்தியார் எனக்கு எதிர்ல உக்காந்தாரு. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஏனுங்க, காப்பி எப்படி இருக்குது?"ன்னேன். அவரு மண்டபத்துக் காப்பின்னு நெனச்சுட்டு, "எனக்கு சர்க்கரை அம்மிணி, நான் காப்பியைத் தொட்டே வருசக்கணக்காச்சு"ன்னாரு. "அது இல்லீங்க, நான் குடுத்து உடறது." "நீங்க எங்க குடுத்து உட்டீங்க? நம்ம வெள்ளியங்கிரி வாக்கிங் வந்தே ரொம்ப நாள் ஆச்சே. உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

சோத்துல கைய வெச்சபடி உக்காந்திருந்தேன். ரசம் ஊத்த வந்தவன் ரெண்டு தடவை கேட்டுட்டுப் போயிட்டான்.

இந்த வயசுல நெனைக்கக்கூடாததையெல்லாம் நெனச்சேன் கண்ணு. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நீங்க ஆரோ நான் ஆரோ. காத்தால காத்தால குளிச்சு, தொவைச்ச சட்டை போட்டு, என்ற பாட்டிலைத் தூக்கிட்டு இந்த மனுசன் எங்க போறாரு? ஊட்டுக்கு வந்து வாய் தொறக்கல. அடுத்த நாள் அவரு கெளம்பிப் போனதும் முக்குல ஆட்டோவைப் புடிச்சேன். "முன்னால போற பஸ்ஸை உட்டுராதப்பா"ன்னேன். ஆட்டோக்காரன் கண்ணாடில என்னையப் பார்த்துட்டே ஓட்டினான்.

கணபதில எறங்கினாரு. எறங்கி அந்தச் சந்துக்குள்ள போறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வேற பொம்பளையா இருந்திருந்தாக்கூடப் பரவாயில்லீங்க. அவரு போனது அவரு தங்கச்சி வசந்தாமணி ஊட்டுக்கு.

இதைச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். அவளுக்கும் எனக்கும் சிந்துஜா கல்யாணத்துல இருந்து பேச்சு வார்த்தை கெடையாது. அவளுக்கு ஒரே பையன், மகுடீஸ்வரன். முறைப் பையன்தான், இல்லேங்கல. அவளுக்கு மனசுக்குள்ள ஆசை இருந்திருக்கும்போல. நான் அவகிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. ஒறம்பரை சனமெல்லாம் உக்காந்திருக்கறப்பப் பொதுவாத்தான் சொன்னேன், "லாரி ஓட்டறவனுக்குக் கட்டிக் குடுக்கறதுக்கா இன்ஜினியரிங் படிக்க வெச்சேன்"னு. பொதுவா. மகுடீசு லாரி ஓட்டறான்னா அதுக்கு நானா பொறுப்பு? அதுக்குப் போய் அவ ஊட்டைப் பூட்டிப்போட்டு, கல்யாணத்தன்னைக்குப் பழனிக்குப் போயிட்டா. சொந்த அத்தை! மேடைல நிக்க வேண்டியவ! வந்தவங்க எல்லாரும், "எங்க வசந்தாமணி, எங்க வசந்தாமணி"ன்னு கேட்டு என்ற மானம் போச்சு. அன்னைக்கே அவருகிட்டச் சொன்னேன், "இனி அவ வாசப்படியை மிதிச்சீங்கன்னா, என்ற வாசப்படியை மிதிக்காதீங்க"ன்னு. "சரி"ன்னாரு. சரின்னு சொன்ன ஆளுதானுங்க.

கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. தள்ளிட்டு உள்ள போனேன்.

அடுப்படில எங்கூட்டுக்காரரு நிக்கறாரு. எங்கூட்டுல தண்ணிச் சொம்பைக்கூடத் தானா எடுக்காத மனுசன், டம்ளர்ல என்ற காப்பியை ஊத்திப் பாலை ஊத்தி, ஆத்தாம, ஸ்பூன்ல மெதுவாக் கலக்கறாரு. ஒரு சொட்டு உள்ளங்கைல உட்டு நக்கிப் பார்க்கறாரு. பால் ஆறிருச்சான்னு. கைக்கொழந்தைக்குப் பார்க்கற மாதிரி.

ஜன்னலோரக் கட்டில்ல வசந்தாமணி. எனக்கு மொதல்ல அடையாளம் தெரியல. அவ நல்லா வாட்டசாட்டமா இருப்பாளுங்க. நடந்து வந்தா தெரு அதிரும். கட்டில்ல ஒரு துணி மூட்டை கெடந்த மாதிரி இருந்துச்சு. கழுத்து பூராவும் கருகிக் கெடந்துச்சு. தொண்டைல புத்துநோயாம். ஆஸ்பத்திரில கரண்ட் வெச்சிருக்கறாங்க, ரேடியேஷன்ங்கறாங்களே அது. வாயெல்லாம் புண்ணு. சூடு ஆகாது, காரம் ஆகாது, சோறு எறங்காது. இதெல்லாம் எனக்கு அப்பறம்தான் தெரியும். அந்த நிமிசத்துல எனக்கு ஒண்ணுதான் கண்ணுல பட்டுச்சு.

"அது என்ற பாட்டில்"னேன்.

அவரு திரும்பினாரு. டம்ளரைக் கீழ வெக்கல. வசந்தாமணி என்னையப் பார்த்தா, பாட்டிலைப் பார்த்தா, அவங்க அண்ணனைப் பார்த்தா. சத்தமே வரல அவளுக்கு, காத்து மட்டும்தான் வந்துச்சு. "கடையில வாங்கினதுன்னியே அண்ணா?"

கேட்டீங்களா கண்ணு? கடையில வாங்கினதாம்! அவ என்ற கையால பண்ணினதுன்னா குடிக்கமாட்டாளாம். நான் அவளுக்குன்னா குடுக்கமாட்டேனாம். அதனால இந்த மனுசன் என்கிட்ட வாக்கிங்குக்குன்னும், அவகிட்டக் கடைக் காப்பின்னும் சொல்லி, ரெண்டு பக்கமும் ஓட்டியிருக்கறாரு. எனக்கு வந்த ஆத்திரத்துல, "எந்தக் கடையில வடிக்கறாங்க இப்படி? எந்தக் கடைன்னு சொல்லச் சொல்லு!"ன்னு கத்தினேன். அவ கையை நீட்டி, அவரு குடுத்த டம்ளரைத் தள்ளி வெச்சா. எலும்பும் தோலுமாக் கெடந்தாலும் ரோசம் போகல. நானும் திரும்பி வந்துட்டேன்.

ஊட்டுக்கு வந்து, அடுத்த நாளுக்கு ஊறிட்டிருந்த ஜாடியைத் தூக்கிச் சாக்கடைல கவுத்தேன். தெருவே மணந்துச்சுங்க.

சிந்துஜாவுக்குப் போன் போட்டேன். ஒரு பெரிய நாயம் பேசலாம்னு போட்டேன். அவ, "அம்மா..."ன்னு இழுத்தா பாருங்க, அந்த இழுப்புலயே தெரிஞ்சுபோச்சு. அவளுக்கும் தெரியும். தெரியுமா? அவதானுங்க ஆரம்பமே! அவங்கத்தைக்குச் சூடு ஆகாது, காப்பி இல்லாம இருக்கவும் முடியல, சாதாக் காப்பியை ஆறவெச்சுக் குடுத்தா எரியுதுன்னதும், இதைத் தேடிக் கண்டுபுடிச்சு, அப்பனும் மகளுமாப் பேசி வெச்சுட்டு, பொங்கலுக்கு வந்து எனக்குச் சொல்லிக்குடுத்திருக்கறா. நெஞ்செரிச்சலே கெடையாதுங்க அந்த மனுசனுக்கு. நெஞ்சைத் தேச்சாரே!

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லடி?"ன்னேன்.

"சொல்லியிருந்தாப் பண்ணியிருப்பீங்களாம்மா?"

"கேக்காம எப்படித் தெரியும் உனக்கு?"

"அத்தை என்னையத் தூக்கி வளர்த்தவங்கம்மா. நீங்க வேலைக்குப் போனப்ப எனக்குச் சோறு ஊட்டினது ஆருன்னு நெனச்சுப் பாருங்க."

"அப்ப நான் ஆரு?"ன்னு கேட்டேன். அவ அழுதுட்டிருந்தா. நான் போனை வெச்சுட்டேன்.

பொழுதோட எங்கூட்டுக்காரரும் அதேதான் கேட்டாரு. மன்னிப்புக் கேப்பாருன்னு பார்த்தேன். காலைப் புடிப்பாருன்னுகூட நெனச்சேன். வாசல்லயே நின்னுட்டு, "உன்கிட்டக் கேட்டிருந்தாக் குடுத்திருப்பியா?"ன்னாரு. எல்லாரும் மனப்பாடம் பண்ணின மாதிரி ஒரே கேள்வி.

நீங்களே சொல்லுங்க. குடுத்திருப்பனோ மாட்டனோ, அது என்ற பாடு. சரி, குடுத்திருக்கமாட்டேன். அது வேற. ஆனாக் கேக்கோணுமல்ல? கேட்டு, நான் மாட்டேன்னு சொல்லி, அப்பறம் ஏமாத்தியிருந்தா அது நாயம். கேக்கவே இல்லீங்க. நான் எப்படிப்பட்டவன்னு அவங்களாவே முடிவு பண்ணிட்டாங்க. அதுதான் எனக்கு ஆறவே இல்லை. அதுலயும் அவரு வெயில்ல நின்னு கண்ணை மூடிட்டுக் குடிச்சாரே, அதை நெனச்சு நெனச்சு அழுதேன். பல்லு கூசித்தான் மூடியிருக்கறாரு. நான் ருசின்னு நெனச்சேன்.

அப்பறம் ஊட்டுல பேச்சே இல்லை. நானும் காப்பி போடல. அவரு தன்னால பண்ணிப் பார்த்தாரு. கடைக்குப் போய் மாவாட்ட அரைச்ச பில்டர் பொடியை வாங்கிட்டு வந்து, ஊறவெச்சு, துணில ஊத்தினா எப்படிங்க எறங்கும்? அடைச்சுக்கிச்சு. கரண்டியைப் போட்டு அழுத்தறாரு. பிழியறாரு. நான் ஈருள்ளி உரிச்சுட்டுப் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். பொடி தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லல. என்னுங்க அப்படிப் பார்க்கறீங்க? என்கிட்டக் கேட்டாரா? கேக்கல. அந்தச் சேத்துத் தண்ணியை எடுத்துட்டுப் போனாரு. போன வேகத்துல திரும்பி வந்தாரு. அடுத்த நாள் நெசமாவே கடையில ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போனாரு. அதுவும் அப்படியே திரும்பி வந்துச்சு.

ஒரு வாரம் இருக்கும். தெருவை அடைச்சுட்டு ஒரு லாரி வந்து நின்னுச்சு. மகுடீசு. வாசல்ல வந்து நின்னான். உள்ள வான்னு நானும் சொல்லல, அவனும் வரல. கண்ணுல தூக்கமே இல்லாத ஆளாட்டம் இருந்தான்.

"அத்தை, அம்மா எதையும் முழுங்கறதில்லீங்க. பாலுகூட வேண்டாம்ங்கறாங்க. அவங்க உங்ககிட்டக் கேக்கச் சொல்லல. நானாத்தான் வந்தேன். அதை எப்படிப் பண்றதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க, நான் பண்ணிக்கறேன். உங்களுக்குச் செரமம் வேண்டாம்."

நானும் சொல்ல ஆரம்பிச்சேன். கல்லுப்பு மாதிரி ஒடைக்கோணும், சிக்கரி ஆகாது... அவன் போன்ல ரெக்கார்ட் பண்ணிட்டு, "சரிங்க அத்தை, சரிங்க அத்தை"ன்னு தலையாட்டறான். பாதிலயே எனக்குக் கோபம் வந்துருச்சு. இவன் நாக்பூருக்கு லோடு ஏத்திட்டுப் போயிருவான். இவன் எப்ப ஊறப்போடறது, எப்ப வடிக்கறது? அவசரத்துல பிழிஞ்சுதான் போடுவான். "நீ போடா"ன்னேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு அவனுக்கு. "போய்ப் பொழப்பைப் பாரு. காத்தால வரும்"னேன்.

நானே கொண்டு போனேன். அவருகிட்டக் குடுத்து உட்டா மறுபடியும் எந்தக் கடை பேரைச் சொல்வாரோ? இதே பஸ்ஸுதான். அவரு எனக்கு முன்னாலயே போயிருந்தாரு. நான் உள்ள போனதும் எந்திரிச்சு நின்னாரு. நான் அவரைப் பார்க்கல. பாலைக் கலந்து கட்டில்கிட்ட வெச்சேன். வசந்தாமணி செவுத்தைப் பார்த்துட்டுக் கெடந்தா. நான் ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டேன். குடிக்கட்டும், குடிக்காம இருக்கட்டும், டம்ளரைக் கழுவி எடுத்துட்டுத்தான் போறதுன்னு. அப்பறம் அந்தக் காத்துக் குரல்ல, "அண்ணனை வெளிய போகச் சொல்லுங்க"ன்னா.

அவரு தானாவே போயிட்டாரு.

அவ எந்திரிச்சு உக்காந்தா. நான் புடிக்கல. கொஞ்சம் புடிச்சேன். ஒவ்வொரு வாய்க்கும் கழுத்து நரம்பு எகிறுதுங்க முழுங்கறப்ப. பாதி குடிச்சுட்டு நிறுத்தினா. எரியுதாக்கும்னு பார்த்தா, கண்ணுல தண்ணி ஓடுது. "என்கிட்டக்கூடப் பொய் சொல்லிட்டான் அண்ணி. பொறந்ததுல இருந்து என்கிட்ட அவன் பொய் சொன்னதே இல்லை."

"என்கிட்ட நெஞ்சைத் தேச்சுக் காட்டினாரு வசந்தா!"ன்னேன். "நெஞ்சையா?"ன்னா. எப்படித் தேச்சாருன்னு தேச்சுக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்து, சிரிக்க முடியாம, வாயைப் பொத்திக்கிட்டா. "சின்னதுல இருந்தே அப்படித்தான். ஊமையாட்டம் இருந்து..."ன்னு அவ எடுத்துக் குடுக்க, நான் சொல்ல, அவ சொல்ல, அந்த மனுசனைக் கிழிச்சுத் தொங்க உட்டோம். வெளியதான் உக்காந்திருந்தாரு. நல்லாக் கேட்டிருக்கும். கேக்கட்டும். இத்தனை நாள்ல என்ற வயித்தெரிச்சல் என்னன்னு சொல்லாமயே புரிஞ்ச ஒரே ஆளு அவதானுங்க. மத்தவங்க எல்லாரும், "நல்லதுக்குத்தானே பண்ணினாங்க, உட்டுருங்க"ங்கறாங்க. அவ ஒருத்திதான், "அது எப்படி பொய் சொல்லலாம்?"னு கேட்டா.

அப்ப இருந்து தெனமும் போறேன். சமாதானம் ஆயிட்டீங்களாம்மான்னு சிந்துஜா போன்ல கேக்கறா. ஒரு சமாதானமும் கெடையாது. வசந்தாமணி பண்ணினது பண்ணினதுதான். நான் ஒண்ணும் மறக்கல. போன வாரம் அவளே அந்தப் பேச்சை எடுத்தா. தலை சீவி உட்டுட்டிருந்தேன். சீவறதுக்கு என்ன இருக்குது, இருக்கற நாலு முடியை. "அண்ணி, சிந்துஜா கல்யாணத்தன்னைக்கு நான் பழனிக்குப் போகல"ன்னா.

"பின்ன எங்க போன?"

"எங்கயும் போகல. மகுடீசை வெளிய பூட்டிட்டுப் போகச் சொல்லிட்டு உள்ளயேதான் இருந்தேன். மண்டபம் இந்த முக்குலதானே, மேளம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. தாலி கட்டற கெட்டி மேளம் கேட்டதும், அரிசியை எடுத்து இந்தச் செவுத்துல போட்டேன்."

பாருங்க கண்ணு, அவளும் பொய்யி! இத்தனை வருசமா பழனிக்குப் போனான்னு நெனச்சு நெனச்சுத் திட்டிட்டிருந்திருக்கறேன். டம்ளரை எடுத்துட்டுப் போய்க் கழுவினேன். கழுவினதையே திரும்பக் கழுவினேன். திரும்பி வந்து மிச்ச முடியையும் சீவி உட்டேன்.

அவரு இன்னும் வெளியதான் உக்காந்திருப்பாரு. நாங்க ரெண்டு பேருமே அவருகிட்டப் பேசறதில்லை. ஒரு டம்ளர் காப்பி வெளிய கொண்டு போய் வெப்பேன், சூடா. அதைச் சலுகைன்னு நெனச்சுக்க வேண்டாம். பச்சைத் தண்ணிக் காப்பி அவளுக்கே பத்தறதில்லை. அதனாலதான்.

நேத்து மகுடீசு என்னைய வாசலுக்குக் கூப்பிட்டான். ஆஸ்பத்திரில பேசிட்டு வந்தவன், எங்கயோ பார்த்துட்டுச் சொன்னான். மறுபடியும் வந்திருக்குதாம். இனி கரண்ட் வெச்சும் புண்ணியமில்லையாம். கேக்கறதைக் குடுங்கன்னு சொல்லியிருக்கறாங்களாம். "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் அத்தை, கொறைஞ்சுட்டு வருதுன்னு சொல்லிருங்க"ன்னான்.

நான் சொல்லமாட்டேன்னுட்டேன். என்னால அவகிட்டப் பொய் சொல்ல முடியாது. ஏற்கெனவே ஒருத்தரு சொன்னதையே அவளால தாங்க முடியல. அவ கேட்டான்னா உள்ளதைச் சொல்லிருவேன். கேக்காம இருந்தாப் போதும். அதைத்தான் ராவெல்லாம் வேண்டிட்டிருந்தேன், கேட்டுரக் கூடாதேன்னு.

அந்த டாக்டருக்கு என்னுங்க தெரியும்? இப்பத்தான் அவ நல்லாக் குடிக்கறா. நேத்துக்கூட முழு டம்ளர் குடிச்சா. இன்னும் பேசி முடியலீங்க எங்களுக்கு. கணபதி வந்துருச்சு, கொஞ்சம் வழி உடுங்க கண்ணு. எங்களை ரெண்டு பேரையும் ஏமாத்தின மனுசன் அங்க கல்லாட்டம் உக்காந்திருக்கறாரு. வசந்தா பாதியில எந்திரிச்சுப் போறேன்னா எப்படிங்க? அவ போயிட்டா, நான் ஆருகூட உக்காந்து அந்த மனுசனைத் திட்டறது?